காயாத மலை

ஆத்தூர் ரோட்டு ஜவ்வரிசி ஆலையில்
மாவின் வெண்மைக்கு மார்க் போடுவது என் வேலை.
பதினேழு வெள்ளை தெரியும் எனக்கு.
ஈர வெள்ளை, களத்தில் காய்ந்த வெள்ளை,
தோல் சரியாக உரியாத கிழங்கின் பழுப்பு வெள்ளை,
ஆசிட் விட்டுப் பொய் சொல்லும் வெள்ளை.
அந்தத் தைரியத்தில்தான் போய்ச் சேர்ந்தேன்
நாலு ரோட்டில், டயர் கடைக்கு மேல் மாடியில்
ஞாயிறு தோறும் ஆயில் பெயின்டிங்.

"பச்சை டியூபைத் திறக்காதீங்க" என்றாள் ஷெர்லின்.
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்.
மலை என்றால் பச்சைதானே?
பிதுக்கினேன்.
என் முதல் மலை
யாரோ சந்தையில் இறக்கிவிட்டு மறந்துபோன
அகத்திக்கீரைக் கட்டாக வந்தது.

அதன்பிறகு அஸ்தம்பட்டியில் பஸ் நிற்கும்போதெல்லாம்
சேர்வராயனைப் பார்த்தேன்.
நாற்பத்தாறு வருஷமாக அங்கேதான் நிற்கிறது.
மழை வருமா என்று கேட்கப் பார்த்திருக்கிறேன்,
நீ என்ன நிறம் என்று கேட்டதில்லை.
காலை ஏழரைக்கு வாடிய கத்தரிப்பூ.
பதினொன்றுக்கு
துவைத்துத் துவைத்து நைந்த யூனிஃபார்ம் நீலம்.
சாயங்காலம் ஒரே ஒரு நிமிஷம் செங்கல்;
அதற்குள் என் பஸ் வந்துவிடும்.

அல்ட்ராமரைன் ஒரு மொச்சைக்கொட்டை,
பர்ன்ட் சியன்னா கடுகளவு,
வெள்ளை மட்டும் கை நிறைய.
தூரம் என்பது வெள்ளைதான் என்று
எனக்கு முன்னால் என் கத்திக்குத் தெரிந்துவிட்டது.
ஆலை நோட்டில் இல்லாத பதினெட்டாவது வெள்ளை.

ஐப்பசியில் எதுவும் காயவில்லை.
ரசத்திலும் டர்பன்டைன் வாசம் என்று
கிண்ணத்தைத் தள்ளி வைத்தார் கதிரேசன்.
ஈர வானத்தின் மேல் மரம் வைத்தால்
மரம் வானத்தைக் குடித்துச் சாம்பலாகிறது.
எரிச்சலில் பழைய பனியனால் துடைத்தேன்.
துடைத்த இடத்தில் மூடுபனி.
நான் வரைந்ததல்ல,
ஆனால் அந்தப் படத்தில் அது ஒன்றுதான் உருப்படி.

கார்த்திகையில் வகுப்பே ஏற்காட்டுக்குப் போனது.
மலைக்கு மேல் போனால் மலை இல்லை.
சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி,
பஜ்ஜிக் கடைப் புகை,
கீழே சேலம், சிந்தின ஜவ்வரிசி.
மற்றவர்கள் ஏரியை வரைந்தார்கள்.
நான் எதிர்மேட்டைப் பார்த்து
மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன்.
கடைசியில் அது
மெல்லப் பின்னால் நகர்ந்து போய் நின்றது.
கான்வாஸுக்குள் நாலு கிலோமீட்டர்.

இறங்கும் பஸ்ஸில் நல்ல கூட்டம்.
விளிம்பை மட்டும் பிடித்தபடி
கொதிக்கும் குழம்புச் சட்டிபோல் மடியில் மலை.
பதினோராவது கொண்டை ஊசி வளைவில்
டிரைவர் ஒடிக்க,
பக்கத்தில் நின்றவர் சாய,
முழங்கை மலையில்.
கல்யாணத்துக்குப் போகிறவர்.
சட்டை, என் கணக்கில், நம்பர் ஒன் வெள்ளை.

"என்னம்மா இது?"
"மலைங்க. இன்னும் காயலை."
கையைத் திருப்பி, முறுக்கி,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"நம்ம நாகலூர்ப் பக்கம் மாதிரியில்ல இருக்கு!"
துடைக்க டர்பன்டைன் நீட்டினேன்.
நாற்றத்துக்கு மூஞ்சியைச் சுளித்து வேண்டாமென்றார்.
சட்டைக்கையை ரெண்டு மடிப்பு ஏற்றி
மலையை உள்ளே வைத்துக்கொண்டு
அடிவாரத்தில் இறங்கிப் போனார்.
என் படத்தில் இப்போது ஒரு முழங்கை அளவு வழுக்கை,
அதில் சட்டைத் துணியின் இழை.
சரி பண்ணித் தருகிறேன் என்கிறாள் ஷெர்லின்.
காயட்டும், பார்க்கலாம்.

திங்கட்கிழமை சாம்பிள் மாவில் விரல் வைத்தேன்.
நகக்கண்ணிலிருந்து ஒரு பொட்டு நீலம்
இறங்கிவிட்டது.
அந்த லாட்டுக்கு மூன்று மார்க் போச்சு.
காரணம் என்ற கட்டத்தில்
கிழங்கில் மண் என்று எழுதினேன்.
மலை என்று எழுதினால்
சூப்பர்வைசர் நம்பமாட்டார்.